உப்புக் கூடிய பெருநாள் விருந்து

எங்கள் அம்மா ஆக்கிய குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருவரும் சொன்னதில்லை. குறைந்துவிட்டது என்றும் சொன்னதில்லை. ஆனால் ஒரு பெருநாள் விருந்தில், அதுவும் என் மாமாவுக்குப் பெண் கொடுக்க வந்தவர் உட்கார்ந்து சாப்பிட்ட விருந்தில், எங்கள் வீட்டுத் தாளிச்சா, எலும்பும் பருப்பும் போட்டு ஆக்குகிற அந்தக் குழம்பு, வாயில் வைக்க முடியாமல் கரித்தது. அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகப் பேசியதில்லை. அதில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் பாக்கி. இனிமேல் எழுதினால் யாருக்கும் குறைவு வராது என்று நினைக்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். அங்கே இருந்த வரைக்கும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேனே தவிர வாயைத் திறக்கமாட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாம் கண்ணில் படும், எல்லாம் காதில் விழும். புரிவதற்குத்தான் கொஞ்சம் வருஷம் ஆகும்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகளும் குடியானவர் வீடுகளும் கலந்துதான் இருந்தன. மத்தியானம் ஆனால் தெருவில் கிண்ணங்கள் நடமாட ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டு அத்தையிடமிருந்து மோர்க்குழம்பு வரும். அந்தக் கிண்ணத்திலேயே எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு திரும்பிப் போகும். அந்த அத்தை எங்களுக்கு உறவு இல்லை, வயல் வைத்திருக்கிற வீட்டு மனுஷி. ஆனால் பிறந்ததிலிருந்து அத்தை என்று கூப்பிட்டு, அத்தையாகவே ஆகிவிட்டவர்.

இந்தக் கிண்ணப் போக்குவரத்துக்கெல்லாம் ராஜா என் மாமாதான். அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். நாலு பருக்கைதான் கிடைக்கும் என்றாலும் அது ருசியாக இருக்கவேண்டும் அவருக்கு. சைக்கிளில் வரும்போதே மூக்கால் மோந்து, இந்த வீட்டில் சுண்டைக்காய், அந்த வீட்டில் கெண்டை மீன் என்று சொல்லிக்கொண்டு வருவார். எந்த வீட்டில் நல்ல வாசம் வருகிறதோ அந்த வீட்டு வாசலில் சைக்கிள் செயின் கழன்று போகும். எதிர்வீட்டு அத்தைக்கும் அவருக்கும் மற்றவர்கள் கட்சிக்காகச் சண்டை போடுவதுபோல மோர்க்குழம்புக்குச் சேப்பங்கிழங்கா வெண்டைக்காயா என்று சண்டை நடக்கும். ஆனால் ஒரு விஷயம். அந்த மாமா ஒரு நாளும் அடுப்படிக்குள் காலை வைத்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் வைத்ததில்லை. ஆக்குவது பெண்கள் வேலை, குறை சொல்வது ஆண்கள் வேலை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் புறப்பட்ட காலம். அதற்கு முன்னால் மலேயா, சிங்கப்பூர் என்று போனவர்கள் இருந்தார்கள். இப்போது துபாய், சவூதி என்றார்கள். மாமாவும் போனார். எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கடைத்தெருவில் பாத்திரக்கடை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “மச்சினன் அங்க பெரிய கம்பெனியில சூப்பர்வைசரு” என்று சொல்லுவார். மாமாவே அப்படித்தான் பேசி அனுப்பியிருந்தார்.

பேசி அனுப்பியிருந்தார் என்றால், கேசட்டில். ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு கேசட்டைக் கொடுத்துவிடுவார். தபால்காரர் வீட்டில் மட்டும்தான் டேப்ரிக்கார்டர் இருந்தது. அதை வாங்கிவந்து நடுவீட்டில் வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்து கேட்போம். “அக்கா, நல்லாருக்கியா, நான் நல்லாருக்கேன்” என்று மாமா பேசும்போது பின்னால் டங் டங் என்று இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம் கேட்கும். “கம்பெனியில மிஷினு ஓடுது பாரு” என்பார் அத்தா. நாங்களும் மிஷினைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ரெண்டு வருஷம் கழித்து முதல் லீவுக்கு மாமா வந்தார். நோன்பு மாசம் முடிய ஒரு வாரம் இருந்தது. செண்டு, சோப்பு, எனக்கு மினுமினுப்பாக ஒரு துணி. எல்லாம் கொண்டுவந்தவர் பழைய வயிற்றை மட்டும் கொண்டுவரவில்லை. நோன்பு திறந்து அம்மா எதை வைத்தாலும் ரெண்டு வாய் தின்றுவிட்டு, “போதும்க்கா” என்பார். எதிர்வீட்டு அத்தை ஆசையாக மோர்க்குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, வயித்த அங்கேயே அடகு வச்சிட்டு வந்துட்டியா? சேப்பங்கிழங்குதான் போட்டிருக்கேன், சண்டைக்காவது வாயேன்.”

மாமா சிரித்தார். சண்டைக்கு வரவில்லை.

லீவிலேயே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு அவசரம். கூத்தாநல்லூர் பக்கம் ஒரு பெண் இருந்தது. பெண்ணின் அத்தா மலேயாவில் ரொம்ப வருஷம் மளிகைக்கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். நல்ல குடும்பம். அவர் கேட்டனுப்பியது ஒரே கேள்விதான். பையனுக்கு அங்கே என்ன வேலை? சூப்பர்வைசர் என்று அத்தா சொல்லி அனுப்பினார். அப்போதெல்லாம் அந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் சம்பந்தம் நிற்காது. பக்கத்துத் தெருவில் ஒரு பையன் அங்கே சமையல் வேலை பார்க்கிறான் என்று தெரிந்து, நிச்சயம் ஆன பெண்ணையே கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்குக் ‘குசினி’ என்றே பேராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அவன் போகும்போது கரண்டியால் தட்டைத் தட்டுவார்கள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு முடிகிறவரைக்கும் சம்பந்தி வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். டீத்தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். அப்படியிருக்க, பெருநாளைக்கு மறுநாள் மத்தியானம் சாப்பிடவே வருகிறேன் என்று பெண்ணின் அத்தா சொல்லியனுப்பியதும், பாதி முடிந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். மீதிப் பாதியை அவர் கையைக் கழுவிவிட்டுச் சொல்லுவார்.

அன்றைக்குக் காலையில் அம்மா தாளிச்சாவுக்கு எலும்பை வேகவைத்துப் பானையை இறக்கினார். பிடித்திருந்த துணி நழுவியது. கொதித்த தண்ணீர் வலதுகையில் முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. அத்தா ஓடிவந்து, என் பள்ளிக்கூடத்து மைப்புட்டியை எடுத்து முழுதையும் கையில் கவிழ்த்தார். சுட்ட புண்ணுக்கு மை நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நீலக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதது கை வலிக்காக இல்லை.

“இப்ப யாரு ஆக்குவா? அவங்க பஸ்ஸே ஏறியிருப்பாங்களே!”

எதிர்வீட்டு அத்தையைக் கூப்பிடலாம் என்றால் அவர்களுக்கு அன்று நடவு. ஆட்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு விடியும்போதே வயலுக்குப் போய்விட்டார். அத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஊர் பேர் தெரியாத பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் மாதிரி.

மாமா சட்டைக்கையை மடித்து விட்டுக்கொண்டு உள்ளே வந்தார். “நீ அந்தப் பக்கம் உக்காருக்கா” என்றார்.

“நீயா? ஆம்பள அடுப்படியில நின்னா ஊரு சிரிக்கும்டா. அதுவும் இன்னிக்கி.”

“கதவச் சாத்திட்டா ஊருக்கு என்ன தெரியும்?” என்று சொல்லி, கொல்லைக் கதவைச் சாத்தினார். அத்தாவைத் தெருப்பக்கம் காவலுக்கு அனுப்பினார். என்னைப் பார்த்து வெங்காயக் கூடையைத் தள்ளு என்று சைகை காட்டினார்.

அதற்கப்புறம் நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் கண்ணுக்குள் நிற்கிறது. வெங்காயத்தைப் பார்க்காமலே அரிந்தார். கத்தி அதுபாட்டுக்கு ஓடியது. கண் அடுப்பில் இருந்தது. ஒரு அடுப்பில் நெய்ச்சோற்றுக்கு உலை, ஒன்றில் கறி, ஒன்றில் தாளிச்சாவுக்குப் பருப்பு. எந்த விறகை எப்போது இழுக்கவேண்டும் என்று விறகே அவரிடம் சொல்லுவதுபோல இருந்தது. கத்தரிக்காயும் வாழைக்காயும் மாங்காய் வத்தலும் தாளிச்சாவுக்குள் போயின. ஒருதரம் என்னிடம் அவசரமாக, “ஜல்தி, ஜல்தி!” என்று கத்திவிட்டு, அப்புறம் நான் யார் என்று ஞாபகம் வந்ததுபோலச் சிரித்து, “அந்த மல்லித்தழைய எடும்மா” என்றார். கடைசியில் உப்புச் சாடிக்குள் கையை விட்டு அள்ளித் தாளிச்சாவில் வீசினார். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. நோன்பு மாசத்தில் எங்கள் அம்மாவும் அப்படித்தான், ருசி பார்க்காமலே ஆக்குவார். ஆனால் நோன்பு முடிந்து ரெண்டு நாள் ஆகிறதே என்று மனசுக்குள் நினைத்தேன். சொல்லவில்லை. நான் எப்போது சொல்லியிருக்கிறேன்?

அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாமாவின் முழங்கைக்குக் கீழே பொட்டுப் பொட்டாகக் கறுப்புத் தழும்புகள் இருந்தன. ஒரு இடத்தில் நீளமாக ஒன்று.

“எங்கடா கத்துக்கிட்ட?” என்றார் அம்மா.

“ரூம்ல முறை வச்சு ஆக்குவோம்க்கா. எல்லாரும்தான்.”

ஆக்கி முடித்ததும் அம்மா, “சட்டைக்கைய இறக்கி விட்டுக்க” என்று மட்டும் சொன்னார்.

பெண்ணின் அத்தாவும் அவருடைய தம்பியும் வந்தார்கள். பெண்ணின் அத்தா ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டு, அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் பேசவேண்டியதையெல்லாம் சேர்த்து அந்தத் தம்பி பேசினார். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் ஆளுக்கு ஒரு தட்டு கிடையாது. சகன் என்று பெரிய தட்டு, அதில் சோற்றைக் குவித்து நாலுபேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். அத்தாவும் மாமாவும் வந்த ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் சகனையும் கிண்ணங்களையும் கொண்டுபோய் வைத்துவிட்டு, அம்மாவோடு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நெய்ச்சோறு மல்லிகைப்பூவாக வந்திருந்தது. கறியைத் தின்றுவிட்டுத் தம்பிக்காரர் தலையை ஆட்டினார். அப்புறம் தாளிச்சாவை ஊற்றி ஒரு வாய் வைத்தார். வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன அண்ணே இது! கடல் இந்த ஊர்லேருந்து எவ்வளவு தூரம்? இங்கேயே உப்பளம் போட்டிருக்காங்க போலருக்கே!”

அத்தாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மாமா அப்போதுதான் ஒரு வாய் வைத்தார். நாக்கில் எதையோ தேடுகிறவர் மாதிரி விழித்தார். கதவுக்குப் பின்னால் அம்மா நீலக்கையால் என் தோளைப் பிடித்தார். சுட்ட கை என்பதையே மறந்து பிடித்தார்.

பெண்ணின் அத்தா மெதுவாகத் தாளிச்சாவை எடுத்து வாயில் வைத்தார். ரொம்ப நேரம் மென்றார். முழுங்கினார். மறுபடியும் ஒரு வாய். அப்புறம் கிண்ணத்தைத் தூக்கி மிச்சம் முழுவதையும் தன் பக்கத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

“எனக்கு இப்படித்தான் வேணும். நீ நெய்ச்சோத்தத் தின்னு” என்றார் தம்பியிடம்.

“உங்களுக்குப் பிரசர் இருக்குண்ணே...”

“திங்கும்போது பேசாத.”

பிறகு அத்தாவைப் பார்த்து, “சமையல் வீட்லயா?” என்று கேட்டார். அத்தா, “ஆமா, வீட்லதான்” என்றார். அது பொய்யும் இல்லை. பெண்ணின் அத்தா மாமாவைப் பார்க்காமல், சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு வேளை உப்புக் கூடும், ஒரு வேளை குறையும். இது அந்த மாதிரி கூடுனது இல்ல. இது பெரிய அண்டாவுக்குப் போடுற கை.”

அவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளிச்சாவை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், வழித்துச் சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் அம்மா, “போச்சு” என்று மூச்சுக்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

கொல்லையில் கை கழுவினார்கள். விருந்தாளிக்கு வீட்டு ஆள் தண்ணீர் ஊற்றவேண்டும். மாமா சொம்போடு நின்றார். துண்டை எடுத்துக்கொண்டு போ என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டார். அத்தாவும் தம்பிக்காரரும் முன்பக்கம் வெற்றிலை போடப் போய்விட்டார்கள். கொல்லையில் மூன்று பேர்தான். நான் துண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

தண்ணீர் ஊற்றிய மாமாவின் கையைப் பெண்ணின் அத்தா சட்டென்று பிடித்தார். சட்டைக்கையை மேலே தள்ளினார். தழும்புகளைப் பார்த்தார்.

“எத்தன பேருக்கு?”

மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “கேம்புல அறுபது பேரு. கம்பெனிதான். ஆனா சூப்பர்வைசர் இல்லைங்க. மன்னிச்சிருங்க. எங்க அக்காவுக்கே தெரியாது.”

பெண்ணின் அத்தா தன் வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டினார். அவர் கையிலும் அதேமாதிரி பொட்டுகள் இருந்தன. பழசாகி வெளுத்துப்போய், தோலோடு தோலாகியிருந்தன.

“மளிகைக்கடைன்னு சொல்லியிருப்பாங்களே” என்றார். “கடைதான். சோத்துக்கடை. அடுத்தவன் கடை. பதினெட்டு வருசம் கரண்டி பிடிச்சேன். வீட்ல இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிராதீங்க.”

மாமா சொம்பைச் சாய்க்க மறந்து நின்றார். பெண்ணின் அத்தா கையை நீட்டியபடியே இருந்தார்.

“தண்ணிய ஊத்துங்க மாப்ள. கையெல்லாம் உப்பு.”

வந்ததும் மாமாவைத் தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது மாப்ள என்றார். அது எனக்கும் புரிந்தது. துண்டைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய், என் வாழ்நாளில் முதல்தடவையாக யாரும் கேட்காமலே ஒரு சேதி சொன்னேன். “அம்மா, மாமாவ மாப்ளன்னு சொல்லிட்டாங்க.” அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் பெரிய டிபன் கேரியர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பெண் வீட்டுச் சாப்பாடு. மேல் அடுக்கில் சோறு, நடுவில் நாங்கள் ஆணம் என்கிற மீன் குழம்பு, அடியில் எலும்பு போட்ட தாளிச்சா. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அத்தை ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்குக் கை மணம் இருக்கு தம்பி, நீ குடுத்து வச்சவன். இனிமே எம் மோர்க்குழம்பு உனக்கு இறங்குமா?” என்றார். எல்லோரும் பெண்ணைப் புகழ்ந்தார்கள். அத்தா இன்னொருதரம் புகழ்ந்தார்.

மாமா தட்டில் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே தட்டில் எனக்கும் சோற்றைத் தள்ளினார். ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டே கேரியரைப் பார்த்தார்.

“இது பொண்ணு ஆக்குனது இல்ல” என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

“அப்ப யாரு?”

அவர் தன் சட்டைக்கையைத் தள்ளி அந்தப் பொட்டுத் தழும்புகளைக் காட்டிவிட்டுச் சாப்பிட்டார். லீவுக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தேன். மறுபடியும் சோறு போட்டுக்கொண்டார். மறுபடியும் ஆணம். கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. உறைப்பு என்று நினைத்தேன். எனக்கு உறைக்கவில்லை.

“உப்பு சரியா இருக்கா பாரு” என்றார்.

“நீங்கதான் திங்கிறீங்களே மாமா, உங்களுக்குத் தெரியலையா?”

“எனக்குத் தெரியல. ரெண்டு வருசமா நான் ஆக்குனதையே தின்னுக்கிட்டு இருந்தேன். அதுல எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ சொல்லு.”

நான் நன்றாக மென்று பார்த்து, “சரியாத்தான் இருக்கு” என்றேன். மாமா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பெரியவர்களாகி வெளிநாடெல்லாம் போனால் நாக்கு மரத்துப்போய்விடும் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, அவர் கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து, தட்டில் இருந்த பெரிய எலும்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.